திர்யாக்கும் கித்துள் பாணியும்

கொஸ்லந்தை, மீரியபெத்தைப் பக்கத்துக் கடைகளில் கித்துள் பாணிப் போத்தல் வாங்கினால், லேபலில் 'ட்ரீகிள்' என்ற ஆங்கிலச் சொல்லும் இருக்கக் காணலாம். நாம் தயிரில் ஊற்றுகிற பாணிக்கு இட்ட இந்தப் பேர், ஒரு காலத்தில் விஷமுறிவு மருந்தின் பேர். ஹதீஸ் கிதாபுகளில் வரும் 'திர்யாக்' இதற்கு உடன்பிறப்பு.

இரண்டுக்கும் மூலம் கிரேக்கத்தின் 'தேரியாகே'. 'தேரியோன்' என்றால் காட்டு விலங்கு. விஷ ஜந்துக்களின் கடிக்கான மருந்து தேரியாகே ஆனது. பொந்தஸ் மன்னன் மித்ரிடேட்ஸின் பழைய கலவையை, ரோமப் பேரரசன் நீரோவின் வைத்தியர் அந்திரோமாக்கஸ் திருத்தி, விரியன் பாம்பின் இறைச்சியையும் சேர்த்தார். அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகள், அபினும் உண்டு. எல்லாவற்றையும் பிணைத்தது தேன். அந்த இனிப்புப் பாகுத்தன்மைதான் பின்னாளில் பேரை இழுத்துக்கொண்டு போனது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 17ஆம் நூற்றாண்டில் சீனி காய்ச்சும்போது மிஞ்சும் பாகைக் குறித்து, வெள்ளைக்காரத் துரைமாரோடு நம் மலைக்கு வந்து கித்துளில் ஒட்டிக்கொண்டது.

அரபுப் பக்கம் கதை வேறு. திர்யாக் சுத்த அரபுச் சொல் என்று மேடையில் சொல்பவர்கள் உண்டு. அப்படியில்லை. அகராதி ஆசிரியர் ஜவ்ஹரியே அதைப் பாரசீகத்திலிருந்து அரபாக்கப்பட்ட சொல் என்று குறித்திருக்கிறார். இரவல் சொல் என்பதால் குறைவென்ன? மதீனாவின் மேட்டுப்பகுதியான ஆலியாவில் விளையும் அஜ்வா பேரீச்சம்பழம் பற்றி ஆயிஷா (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸில் இச்சொல்லே வருகிறது. கேட்டவர்களுக்கு அது விளங்கியிருக்கிறது. இப்னு ருஷ்து திர்யாக்குக்கென்றே தனி நூல் எழுதினார். பாரசீகத்திலோ இன்று 'தர்யாக்' என்றால் அபின்! உள்ளே கிடந்த ஒரு சரக்கு மருந்தின் பேரையே பிடித்துக்கொண்டது.

இன்றைய அரபில் விஷமுறிவு மருந்துக்கெல்லாம் திர்யாக் என்றுதான் பேர். நம் ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்கு ஏற்றும் மருந்தும் அதில் அடங்கும். ஆனால் பழைய திர்யாக்கைப் போல அது எல்லா விஷத்துக்கும் ஒரே மருந்தில்லை. இந்தியாவிலிருந்து வருவது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்குமென்று குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கொழுந்து பறிக்கிற பெண்களின் காலடியில், தேயிலைச் செடிக்கடியில் சுருண்டு கிடக்கிற குணகட்டுவாவின் விஷத்துக்கு அது வேலை செய்யாது. இலங்கையில் அதிகம் கடிப்பதும் அதுதான். சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகிறது. அதனால் கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. குணகட்டுவாவுக்கான திர்யாக் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.