புதுக் கார் லீஸா, டெமோ காரா? மாதக் கட்டணத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

பங்சாரில் வேலை, கிள்ளானில் வீடு. வேலை நிரந்தரமான வாரமே வீட்டில் கார் பேச்சு ஆரம்பித்துவிடும். நீங்கள் ஷோரூமுக்குப் போய் ஒரு மாடலைக் காட்டுகிறீர்கள். எஸ்.ஏ. இரண்டு வழி சொல்கிறார். “டெமோ யூனிட் ஒண்ணு இருக்கு, பத்தாயிரம் குறைச்சுத் தரேன்.” “இல்லன்னா லீஸ் எடுத்துக்குங்க. முன்பணம் வேணாம், காப்புறுதி, சர்வீஸ், சாலை வரி எல்லாம் உள்ளே.” இரண்டுமே கேட்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரு மாதத் தொகையைத் தாளில் எழுதியும் காட்டுவார்.

அந்தத் தொகையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கார் யார் பெயரில் இருக்கும்? உங்களைக் காக்கும் சட்டம் எது, காப்புறுதிக் கழிவு யாருக்குச் சேரும், மூன்று வருடம் கழித்து உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தது.

லீஸ் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், நீண்ட கால வாடகை. கார் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஒன்று, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மாதக் கட்டணம் கட்டி ஓட்டுகிறீர்கள், முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். இப்போது ‘கார் சப்ஸ்கிரிப்ஷன்’ என்ற பெயரில் விளம்பரமாவதும் பெரும்பாலும் இதே வகைதான்.

டெமோ கார் வேறு. டீலர் தன் பெயரில் ஜே.பி.ஜே.யில் பதிவு செய்து, வாடிக்கையாளர்களின் டெஸ்ட் டிரைவுக்கோ, சர்வீஸுக்குக் கார் விட்டவர்களுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கவோ வைத்திருந்த வண்டி அது. சில மாதங்கள் கழித்து, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு விற்கிறார்கள். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், பிளாஸ்டிக் வாசனைகூடப் போயிருக்காது. ஆனால் பதிவுக் கணக்கில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். பின்னாளில் உங்களிடம் வாங்குபவர் மூன்றாவது. விலை பேசும்போது அவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்கான உதாரணங்கள் மட்டுமே. உங்களுக்குக் கிடைத்த விலைகளை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

புதுக் கார் 80,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு முன்பணம் 8,000. மீதி 72,000-ஐ 3 விழுக்காடு பிளாட் ரேட்டில் 7 ஆண்டுக் கடனாக எடுத்தால் வட்டி 15,120. மாதத் தவணை சுமார் 1,037 ரிங்கிட்.

பிளாட் ரேட் என்பதில் ஒரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி முதல் நாள் அசலுக்கே கணக்காகிறது. அதனால் இந்த 3 விழுக்காட்டின் உண்மையான வட்டி விகிதம் 5.5 விழுக்காட்டைத் தாண்டும். யாராவது ஒரு விகிதம் சொன்னால், அது பிளாட்டா எஃபெக்டிவ்வா என்று அந்த நிமிடமே கேளுங்கள்.

இப்போது டெமோ கார். விலை 70,000. முன்பணம் 7,000, கடன் 63,000. ஆனால் வங்கியின் கண்ணில் இது பழைய கார், வட்டி கூடுதலாக வரலாம். 4 விழுக்காடு என்று வைத்தால் 7 ஆண்டில் வட்டி 17,640, மாதத் தவணை 960. எல்லாம் சேர்த்து, புதுக் காருக்கு 95,120 ரிங்கிட், டெமோ காருக்கு 87,640. எஸ்.ஏ. சொன்ன பத்தாயிரம் 7,480 ஆகிவிட்டது. மீதி 2,520-ஐ வட்டி தின்றுவிட்டது. ரொக்கமாக வாங்குபவருக்கு மட்டும்தான் பத்தாயிரமும் முழுசாக மிஞ்சும்.

லீஸ் மாதம் 1,600 ரிங்கிட் என்போம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 1,037-ஐயும் 1,600-ஐயும் பக்கத்தில் வைத்து “அம்மாடி, ஐந்நூறு கூட” என்பவரும் தப்பாகப் பார்க்கிறார், “எல்லாம் உள்ளே இருக்கே” என்று உடனே கையெழுத்துப் போடுபவரும் தப்பாகப் பார்க்கிறார். காரை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று தெரியாமல் இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது.

ஒரே வருடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கோ மெல்பர்னுக்கோ போகிறீர்கள். புதுக் காரைக் கடனில் வாங்கினால் முன்பணம் 8,000, தவணைகள் 12,446, காப்புறுதி 2,500, சர்வீஸ் 1,000, 1,500 சிசி காருக்குச் சாலை வரி 90, ஆக 24,036. ஆண்டு முடிவில் கார் 64,000-க்கு விலைபோனால், வங்கிக்கு இன்னும் சுமார் 63,500 கட்ட வேண்டும். கையில் 500 ரிங்கிட்கூட மிஞ்சாது. அதே ஒரு வருட லீஸ் 19,200-இல் முடிந்துவிடும். லீஸ்தான் லாபம்.

அதே காரை மூன்று வருடம் வைத்திருந்தால் கதை தலைகீழ். முன்பணம், தவணை, காப்புறுதி, சர்வீஸ், சாலை வரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 54,700 செலவாகியிருக்கும். கார் 55,000-க்குப் போய், கடன் பாக்கி 44,800 கட்டினால் 10,200 திரும்பி வரும். நிகரச் செலவு 44,500. லீஸுக்கு நீங்கள் 57,600 கட்டியிருப்பீர்கள், கையில் ஒன்றும் இருக்காது. கிட்டத்தட்ட 13,000 ரிங்கிட் வித்தியாசம்.

யாரும் சொல்லாத என்.சி.டி.

மேலே உள்ள மூன்று வருடக் கணக்கில் காப்புறுதி ஆண்டுக்கு ஆண்டு குறைவதையும் சேர்த்திருக்கிறேன். கோரிக்கை எதுவும் செய்யாமல் ஓட்டினால் முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்து ஆண்டு ஆனதும் 55 விழுக்காடு என்று தனியார் காருக்குக் கழிவு ஏறும். இதுதான் என்.சி.டி.

லீஸ் காரின் காப்புறுதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் மூன்று வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டினாலும் அந்தக் கழிவு உங்கள் பெயரில் சேராது. எனக்குத் தெரிந்த ஒருவர் லீஸ் முடிந்து சொந்தக் கார் வாங்கப் போனபோதுதான் இதைக் கண்டுபிடித்தார். முப்பது வயதில், புதிதாக லைசன்ஸ் எடுத்த தம்பிக்கு வரும் அதே பூஜ்ய விழுக்காட்டிலிருந்து தொடக்கம். 2,500 ரிங்கிட் பிரீமியத்தில் 38.33 விழுக்காடு என்றால் 958 ரிங்கிட். அதுவும் ஒரு வருடத்துக்கு.

டெமோ காரில் இந்தச் சிக்கல் இல்லை. கார் உங்கள் பெயருக்கு மாறிய நாளிலிருந்து கழிவு உங்களுக்கே சேரத் தொடங்கும்.

தவணை கட்ட முடியாமல் போனால்?

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. ஆனால் வேலை போகலாம், உடம்பு முடியாமல் போகலாம்.

வங்கிக் கடனில் காரை வாங்கினால், அது புதுசோ டெமோவோ, 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஒரு மாதம் தவறியதுமே வந்து காரை இழுத்துக்கொண்டு போக முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், அதன் பிறகு 21 நாள் அவகாசத்துடன் எழுத்து மூலமான நோட்டீஸ் வர வேண்டும். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொடவே முடியாது.

இந்தச் சட்டம் பொருந்துவது, கடைசியில் பொருள் உங்களுடையதாகும் ஒப்பந்தங்களுக்குத்தான். காரை வாங்கிக்கொள்ளும் உரிமை இல்லாத வெறும் லீஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஒரு மாதம் தாமதமானால் என்ன அபராதம், எப்போது காரைத் திரும்ப எடுப்பார்கள், பாதியில் விட்டால் மீதி மாதங்களுக்கு எவ்வளவு, வைப்புத்தொகை எந்தக் காரணங்களுக்காகப் பிடிக்கப்படும், இந்த நாலு பத்தியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். “ஸ்டாண்டர்ட் ஒப்பந்தம்தாங்க” என்று ஷோரூமிலேயே கையெழுத்துக் கேட்டால், இன்னும் கவனமாகப் படியுங்கள்.

இன்னொன்று. வாடகைக் கொள்முதலுக்குக் குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் வாங்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. “ஜீரோ டவுன்பேமெண்ட்” என்று யாராவது சொன்னால், அந்தப் பத்து விழுக்காடு எந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கிலோமீட்டர் வரம்பு

லீஸில் இதற்கு ஒரு வரம்பு இருப்பது வழக்கம். கிள்ளானிலிருந்து பங்சாருக்குப் போக வர நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 22 நாள், ஆக 1,320. வருடத்துக்கு 15,840. ஈப்போவில் பாட்டி வீட்டுக்கு வருடத்தில் நாலு தடவை போனால் இன்னொரு 1,600. ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 15,000 என்று இருந்தால், தீபாவளிக்கு முன்பே வரம்பை நெருங்கிவிடுவீர்கள். மிகுதி கிலோமீட்டருக்கு 30 சென் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 732 ரிங்கிட். ஹாட்யாய் போகும் பழக்கம் இருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். உரிமையாளரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் எல்லையில் நிற்க வேண்டிவரும். மாதக் கட்டணத்தில் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெமோ காரில் எதைப் பார்ப்பது?

முதலில் கிராண்டைப் பாருங்கள். தயாரிப்பு ஆண்டு, முதல் பதிவுத் தேதி இரண்டும் அதில் இருக்கும். ‘புது மாடல்’ என்று சொல்லப்பட்ட வண்டி போன வருடத் தயாரிப்பாக இருந்தால் விலை பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

உத்தரவாதம் முதல் பதிவு நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பெரோடுவா போன்ற நிறுவனங்களின் உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். டீலர் 10 மாதம் வைத்திருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 4 ஆண்டு 2 மாதம். கடனோ 7 ஆண்டு. கிட்டத்தட்ட மூன்று வருடம் உத்தரவாதம் இல்லாத காருக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டெமோ காரை ஒருவர் அல்ல, நூறு பேர் ஓட்டியிருப்பார்கள். ‘சும்மா மிதிச்சுப் பாருங்க’ என்று எஸ்.ஏ.யே சொல்லியிருப்பார். பிரேக், டயர், இருக்கைகள், ரிம் ஓரங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். அந்த பிராண்டின் சர்வீஸ் நிலையத்தில் வண்டியின் பதிவேட்டைக் கேளுங்கள், ஓடோமீட்டரில் உள்ள எண்ணும் அங்குள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்கு பி5, கடனுக்கு பி7 என்று வாகனப் பரிசோதனைகள் உண்டு. அந்தச் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கியதோ லீஸ் எடுத்ததோ, 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் பார்க்கும். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது ஆவணங்கள்தான், ஆகவே எஸ்.ஏ. வாட்ஸ்அப்பில் கொடுத்த வாக்குறுதிகளை அழித்துவிடாதீர்கள்.

அப்போ எது?

ஒன்றிரண்டு ஆண்டில் ஊர் மாறும் திட்டம் உறுதியாக இருந்தால் லீஸ். ஐந்து, ஆறு வருடம் ஓட்டப் போகிறீர்கள், வட்டி வித்தியாசத்துக்குப் பிறகும் விலைக்குறைவு மிஞ்சுகிறது, சர்வீஸ் பதிவேடு சுத்தம் என்றால் டெமோ கார். டெமோவின் தள்ளுபடி நாலாயிரம், ஐயாயிரம் என்றால் நான் புதுக் காரையே எடுப்பேன். வட்டியும் குறையும் உத்தரவாதமும் அதை விழுங்கிவிடும்.

வீடு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் என்றால், இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து பங்சார் எல்.ஆர்.டி.யில் ஒரே நிறுத்தம். மை50 பாஸ் மாதம் 50 ரிங்கிட். தெலாவியில் பார்க்கிங் தேடிச் சுற்றும் நேரத்தில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம்.