கொழுப்பைக் காட்டிய எதிரொலி

மது அருந்தாதவருக்குக் கல்லீரலில் கொழுப்பு படியுமா? சென்ற ஆண்டு கீழ்க்கட்டளையில் எனக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தபோது, 'கொழுப்புக் கல்லீரல், முதல் நிலை' என்று அறிக்கை வந்தது. அதைக் கேட்ட என் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு சொட்டும் தொட்டறியாத எனக்கு அது சுருக்கென்றது. இயற்பியல் கற்பிப்பவன் ஆதலால், அக்கருவி கொழுப்பை எப்படிக் கண்டுகொண்டது என்று தேடத் தொடங்கினேன்.

சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்று 1880இல் பிரான்சின் க்யூரி சகோதரர்கள் கண்டனர். அதே படிகத்துக்கு மின்னழுத்தம் தந்தால் அது அதிரும். முதல் உலகப் போரின்போது லாஞ்செவின் இவ்விளைவைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட முற்பட்டார். 1958இல் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டும் குழுவினரும் வயிற்றுக் கட்டிகளின் எதிரொலிப் படங்களை வெளியிட்டனர். அக்காலப் படங்களில் கறுப்பும் வெளுப்பும் மட்டுமே உண்டு; உறுப்புகளின் விளிம்பு தெரியும், உட்புறம் தெரியாது. 1970களில் சாம்பல் நிறத்தின் பல படிகளையும் காட்டும் கருவிகள் வந்த பிறகே கல்லீரலின் உட்புறம் பேசத் தொடங்கியது.

ஒரு தம்ளர் நீரையும் ஒரு தம்ளர் பாலையும் பாருங்கள். பாலிலுள்ள நுண்ணிய கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியைச் சிதறடிப்பதால் அது வெளுத்துத் தெரிகிறது. கல்லீரல் செல்களில் சேரும் கொழுப்புத் துளிகள் கேளா ஒலியை அவ்வாறே சிதறடிக்கின்றன. உடல் திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர், அதிர்வெண் 3.5 மெகாஹெர்ட்ஸ் என்று கொண்டு அலைநீளத்தைக் கணக்கிடுங்கள். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். துளிகளோ அதைவிட மிகமிகச் சிறியவை. எனவே தனித்தனித் துளி தெரியாது; எல்லாம் சேர்ந்து தரும் வெளுப்பே தெரியும்.

ஆனால் கருவியின் குமிழைத் திருகினால் எந்த ஈரலும் வெளுக்குமே! இதற்கு மருத்துவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதே படத்தில் பக்கத்திலேயே வலது சிறுநீரகம் தெரிகிறது. அதில் வழக்கமாகக் கொழுப்பு படிவதில்லை. அதைவிட ஈரல் நன்றாக வெளுத்திருந்தால் கொழுப்பு என்று ஐயுறலாம். 1979இல் ஜோசப், டியூபரி, மக்கைர் ஆகிய மூவரும் 'ஒளிரும் கல்லீரல்' பற்றி எழுதினர். மறு ஆண்டே அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக், குடிப்பழக்கம் இல்லாத 20 பேரின் ஈரலில் குடிகாரர்களுக்கு வருவது போன்ற அழற்சியைக் கண்டு அந்நோய்க்குப் பெயரிட்டார். என் மாமனாரின் பார்வைக்கு விடை அங்கே இருந்தது.

நம் ஊரில் நிலைமை என்ன? ஊசியால் திசுத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை. நலமாக நடமாடும் நூற்றுக்கணக்கானோரிடம் அதைச் செய்ய இயலுமா? கேளா ஒலியால் இயன்றது. டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் 541 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, 32 விழுக்காட்டினருக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் அது பாதிக்கும் மேல்.

என் மாமனாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. இதைப் படித்துக் காட்டியதும் அவரும் ஸ்கேனுக்கு வந்தார். இரண்டாம் நிலை!

வெளுப்பு கொழுப்பைச் சொல்லும். அதுவும் குறைந்த அளவுக் கொழுப்பைத் தவறவிடும். ஈரல் தழும்பேறி இறுகிவிட்டதா என்பதை வெளுப்பைக் கொண்டு அறிய முடியாது. அதற்கு வேறொரு கருவியை 2003இல் பிரான்சின் சாண்ட்ரின் குழுவினர் விவரித்தனர். விலாவில் விநாடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட சிறு தட்டு. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதுவே. இறுகிய ஈரலில் அவ்வதிர்வு விரைந்து ஓடும். அவ்வேகத்தை அளப்பதும் கேளா ஒலிதான்.

மாமனாருக்கு அச்சோதனையும் நடந்தது. அவருடைய ஈரல் இன்னும் மென்மையாகவே இருக்கிறது.