வாகனங்களை மீளக் கைப்பற்றும் தொழிலில் நுழைதல்: புத்தூர், யாழ்ப்பாணம்

தவணைப் பணம் செலுத்தப்படாத வாகனத்தை, அதை வாங்கப் பணம் கொடுத்த நிதிக் கம்பனியின் சார்பில் திரும்பப் பெறும் வேலை வாகன மீளக் கைப்பற்றல் எனப்படும். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் இது ‘சீசிங்’ என்றும், அதைச் செய்வோர் ‘சீசிங் ஆக்கள்’ என்றும் குறிக்கப்படுகின்றனர். வலிகாமம் கிழக்கில், யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியை அண்டி அமைந்த புத்தூரிலும், ஆவரங்கால், சிறுப்பிட்டி, அச்சுவேலி ஆகிய அயலூர்களிலும் இத்தொழில் பெருகியது 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னராகும். ஏ-9 வீதி வழியான போக்குவரத்து சீரடைந்து, தென்னிலங்கை நிதிக் கம்பனிகள் யாழ்ப்பாணத்தில் கிளைகளைத் திறந்தபோது, மோட்டார் சைக்கிள், ஓட்டோ, ‘பட்டா’ என்றழைக்கப்படும் சிறு லொறி, உழவு இயந்திரம் ஆகியவை கையில் சிறு தொகையுடன் வந்தவர்களுக்கும் கிடைக்கலாயின. இவ்வாறு வாங்குவதையே மக்கள் ‘லீசிங்கில் எடுத்தல்’ என்கின்றனர்.

லீசிங் என்பது, சட்டத்தின் பார்வையில், குத்தகையே அன்றிக் கடனன்று. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைக்குவிடுதல் சட்டம் ஆளும் இவ்வேற்பாட்டில், தவணை முழுவதும் கட்டி முடியும் வரை வாகனம் கம்பனியின் உடைமையாகவே இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் பதிவுச் சான்றிதழில் கம்பனி பூரண உரிமையாளராகவும், குத்தகைக்கு எடுத்தவர் பதிவுசெய்யப்பட்ட உரிமையாளராகவும் குறிக்கப்படுகின்றனர். தொழிலுக்குப் புதிதாக வருபவர் முதலில் படித்தறிய வேண்டிய ஆவணம் இதுவே. எனினும் உடைமை கம்பனியுடையது என்பதால் அதைப் பறித்தெடுக்கும் அதிகாரமும் கம்பனிக்கு உண்டென்று கொள்வது பெருந்தவறாகும். இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம், உரிமை யாருடையதாயினும், ஒருவர் அமைதியாக வைத்திருக்கும் பொருளைப் பலவந்தமாகப் பறிப்பதை ஏற்பதில்லை. அடைத்த படலையைத் திறந்துகொண்டு வளவுக்குள் நுழைவதும், வீதியில் மறித்துத் திறப்பைப் பிடுங்குவதும், வீட்டாரை மிரட்டுவதும், கம்பனியின் கடிதம் கையிலிருந்தாலும், கைப்பற்றச் சென்றவரையே குற்றவியல் வழக்கில் எதிரியாக நிறுத்தக்கூடியவை. மனமுவந்து கையளிக்க மறுக்கப்படும் வாகனத்துக்கு உரிய வழி நீதிமன்றமே.

இத்தொழிலுக்குள் நுழைவோர் பெரும்பாலும் நிதிக் கம்பனிக் கிளையொன்றில் அறவீட்டு உத்தியோகத்தராக, அதாவது நிலுவைத் தவணைகளைத் தேடிச் சென்று சேர்ப்பவராக, வேலையைத் தொடங்குகின்றனர். க.பொ.த. சாதாரண தர அல்லது உயர்தரப் பெறுபேறு, மோட்டார் சைக்கிளும் அதற்கான சாரதி அனுமதிப்பத்திரமும், ஊர்ப் பழக்கம் ஆகியவையே வழமையாக எதிர்பார்க்கப்படும் தகுதிகள். தமிழுடன் ஓரளவு சிங்களமும் அறிந்திருப்பது, கொழும்புத் தலைமையகத்துடன் பேசவும் அங்கிருந்து வரும் கடிதங்களை விளங்கிக்கொள்ளவும் பயன்படுகிறது. கிளைக்கு வெளியே, கைப்பற்றிக் கொடுக்கும் வாகனத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலை செய்வோரும் உள்ளனர். வருமானம் பறிமுதல் எண்ணிக்கையில் தங்கியிருப்பதால் அவசரமும் முரட்டுத்தனமும் எளிதில் புகும் இடம் அதுவே; எனவே தொழிலைப் பழக விரும்பும் இளைஞருக்கு அது நல்ல தொடக்கம் அன்று.

புத்தூரின் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை பயிராகின்றன. தோட்டக்காரருக்குக் காசு வருவது அறுவடையோடுதான்; லீசிங் தவணையோ மாதந்தோறும் வருவது. எனவே மூன்று மாத நிலுவை என்று பட்டியலில் தெரியும் ஒருவர் கட்ட மறுப்பவரா, விளைச்சல் விற்கக் காத்திருப்பவரா என்பதை வேறுபடுத்தி அறிவதே இங்கு இவ்வேலையின் நுட்பம். அதை அறிந்த உத்தியோகத்தர் பிணையாளியுடன் பேசி, கிளை முகாமையாளரிடம் தவணையை மாற்றியமைக்கக் கேட்டு, வாகனத்தைத் தொடாமலே கணக்கை நேராக்கிவிடுகிறார். உழவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால், நிலுவையை அடைக்கக்கூடிய அடுத்த போகமும் அதோடு போய்விடும் என்பதைக் கம்பனிகள் எப்போதும் உணர்வதில்லை.

வாகனம் கையளிக்கப்படும் வேளையில் நிரப்பப்படும் பொருட்பட்டியல் புதியவர் அக்கறையோடு பழக வேண்டிய வேலையாகும். ஓடிய கிலோமீற்றர், டயர்களின் நிலை, பற்றரி, மேலதிகச் சில்லு, ஜக், ரேடியோ, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம் என ஒவ்வொன்றும் எழுதப்பட்டு, இரு தரப்பும் ஒப்பமிட்டு, ஒரு பிரதி குத்தகைக்காரரிடம் கொடுக்கப்பட வேண்டும். ஓட்டோவின் முன்பக்கத்தில் ஒட்டிய சாமிப் படம், இருக்கைக்கு அடியில் கிடக்கும் பிள்ளையின் கொப்பி, உழவு இயந்திரப் பெட்டியிலுள்ள மண்வெட்டி ஆகியவை கம்பனிக்குரியவை அல்ல. அவற்றை அவ்விடத்திலேயே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். பின்னர் எழும் பிணக்குகளைத் தீர்க்கப் பெரிதும் உதவுவது இந்த ஒற்றைத் தாளே.

2020இல் கொரோனாப் பரவலின்போது தவணைகளுக்குச் சலுகைக் காலம் வழங்கப்பட்டது; அதே ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வாகனங்களின் விலை ஏறி, கைப்பற்றப்படும் ஒவ்வொன்றும் கம்பனிக்கு மேலும் பெறுமதி மிக்கதாயிற்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் கிடைக்காமல், வட்டியும் உயர்ந்தபோது ஓட்டோக்காரர் பலர் தவணை தவறினர். மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரை நியாயமாக நடத்தும் கடமையை வலியுறுத்துகின்றன. குறைகளை அவ்வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடமோ நிதி ஒம்புட்ஸ்மனிடமோ முறையிடலாம்.

பிற நாடுகள் இவ்வேலைக்கு இன்னும் தெளிவான எல்லை வகுத்துள்ளன. இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, வாடகைக் கொள்வனவில் மொத்த விலையின் மூன்றிலொரு பங்கு செலுத்தப்பட்ட பொருளை நீதிமன்றக் கட்டளையின்றி மீட்க முடியாது. இந்திய ரிசர்வ் வங்கி 2008இல் வெளியிட்ட வழிகாட்டல்கள், கடன் அறவிடும் முகவர்களுக்குக் குறைந்தது 100 மணி நேரப் பயிற்சியுடன் சான்றிதழ்ப் படிப்பை ஏற்படுத்த வழிசெய்தன. 2022இல் அவ்வங்கி, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியை அழைப்பதைத் தடுத்தது. புத்தூரில் இவ்வேலைக்குச் சேரும் ஒருவர், தம் கம்பனி அத்தகைய பயிற்சியைத் தருகிறதா என்பதை நேர்முகத் தேர்விலேயே கேட்டறிவது தகும்.