முருகைப் பாரும் மலையகப் பாதையும்

பவளப் பாறைகளைக் காண்பதற்கெனப் பாய்மரப் படகேறிச் செல்வதும், முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீரின்மீது மிதந்தவாறே கடலடியை நோக்குவதும் இன்று உல்லாசப் பயணத்தின் ஒரு கூறாகக் கருதப்படுகின்றன. ஹிக்கடுவையிலும் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவிலும் கற்பிட்டியின் பார்க்கடலிலும் இக்காட்சியை நாடி வருவோர் பலர். ஆயின், கடலடியைக் காணும் இவ்வேட்கை எப்பொழுது தோன்றியது, அதே கடலை வேறு நோக்கங்களோடு கடந்தவர்கள் யாவர் என்னும் வினாக்களை எழுப்பினால், இலங்கையின் பவளக் கடல் வரலாறு கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. அது கடலே காணாத கேகாலை மாவட்டத்து ரம்புக்கனை வரை வந்து சேர்கின்றது.

இலங்கைக் கடலின் அடியை ஓவியக் கண்கொண்டு நோக்கியவர்களுள் முதன்மையானவர் ஒஸ்திரிய நாட்டுப் பிரபு ஒய்கன் வொன் ரன்சொனே ஆவார். 1864-65ஆம் ஆண்டுகளில் இங்கு தங்கியிருந்த இவர், கண்ணாடிச் சாளரம் பொருத்திய இரும்பு மணிக்கூடு ஒன்றைச் செய்வித்து, அதனுள் அமர்ந்து காலிக் கடலில் இறங்கினார். மேலே நின்ற படகிலிருந்து குழாய்வழி காற்று செலுத்தப்பட்டது. நீரினடியில் இருந்தவாறே அவர் தீட்டிய முருகைப் பாறைக் காட்சிகள் 1867இல் வியன்னாவில் நூலாக வெளிவந்தன. ஓவியர் ஒருவர் கடலினுள்ளேயே அமர்ந்து வரைந்த மிகப் பழைய ஓவியங்களுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன.

அவர் காலிக் கடலில் இருந்த அதே ஆண்டுகளில் ரம்புக்கனைக்கு மேலே கடுகண்ணாவைச் சரிவில் மலை குடையப்பட்டுக்கொண்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1858இல் தொடங்கிய கொழும்பு - கண்டிப் புகையிரதப் பாதை 1865இல் அம்பேபுசையை எட்டி, 1867இல் கண்டியை அடைந்தது. இடைப்பட்ட சுரங்கங்களையும் பாறை வெட்டுகளையும் அமைத்தோரிற் பெரும்பாலார் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அவர்களிற் பலர் இரையாயினர். ரன்சொனேயின் நூல் வெளிவந்த ஆண்டும் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிய ஆண்டும் ஒன்றே. முன்னதை ஆக்கியவரின் பெயர் நிலைத்தது. பின்னதை ஆக்கியோரின் பெயர்ப்பட்டியல் எங்கும் காணப்படவில்லை.

அடுத்து வந்தவர் ஜெர்மானிய உயிரியலறிஞர் ஏர்ணஸ்ட் ஹெக்கல். 1881இன் இறுதியிற் கொழும்பில் இறங்கிய இவர், காலியிலும் வெலிகாமத்திலும் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். செங்கடலின் முருகைப் பாறைகளை முன்னரே கண்டு நூல் எழுதியிருந்தமையால், காலிப் பாறைகளை அவற்றோடு ஒப்புநோக்கினார். கண்ணாடியோ கருவியோ இன்றி நீரில் மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்த்த அனுபவத்தையும் எழுதியுள்ளார். இன்றைய உல்லாசப் பயணி செய்வதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்தவர் எனலாம். அவரும் பேராதனைத் தாவரத் தோட்டத்தைக் காணக் கண்டிப் புகையிரதத்தில் ரம்புக்கனையைக் கடந்தே சென்றார். அப்பொழுது மலைநாட்டில் 1869 முதல் பரவிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்துகொண்டிருந்தது.

இவ்விருவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே கடலடியை அறிந்திருந்தோர் மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்போராவர். கொற்கை முத்தின் சிறப்பைச் சங்க இலக்கியம் பேசும். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மன்னார்க் கரையோரத் தமிழரும் இத்தொழிலில் ஈடுபட்டனர். பிற்காலத்தில் அராபியரும் வந்து சேர்ந்தனர். கல்லைக் காலிற் பிணைத்து ஐந்து முதற் பத்துப் பாகம் வரையான ஆழத்திற்கு இறங்கி, ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் வாரி, கயிற்றை அசைத்து மேலேறுவர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் வல்லவனாகக் கருதப்பட்ட 'கடற்கட்டி' கரையில் இல்லாவிடின் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தனர். ஆங்கில அரசே அவனுக்கு ஊதியம் வழங்க நேர்ந்தது. எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கே குளித்தவருக்குரியது, ஏனையவை அரசினருக்கு. பேராசிரியர் ஹேட்மன் 1902இல் வந்து இப்பார்களை ஆராய்ந்தார். 1906இல் ஆங்கிலக் கம்பனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகையும் வழங்கப்பட்டது. ஆனால் 1907க்குப் பின் சிப்பிகள் அருகின, கம்பனியும் நிலைக்கவில்லை.

பார்களையும் நீரோட்டங்களையும் பெயர்சொல்லி அறிந்திருந்த இம்மக்கள் தம் அறிவை நூலாக எழுதவில்லை. அதனாலேயே கடலடியைக் 'கண்டுபிடித்தோர்' வரிசையில் அவர்கள் இடம்பெறுவதில்லை. கண்டவர் பலர் இருக்க எழுதியவரையே கண்டவராகக் கொள்ளும் வழக்கம் வரலாற்றாசிரியர் பலரிடம் உண்டு.

இதே மன்னார்க் கடல்தான் மலையகத் தமிழரின் முன்னோர் கடந்த கடலுமாகும். 1830களுக்குப் பின் கோப்பித் தோட்டங்கள் பெருக, இராமநாதபுரக் கரையிலிருந்து பாய்த்தோணிகளில் ஏறிய ஏழை மக்கள் மணற்றிட்டுகளும் முருகைக் கற்களும் நிறைந்த ஆழமற்ற கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கால்நடையாகக் கண்டிச் சீமையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் மிகப் பலர். அலையின் நிறத்தையும் நீரடியின் அழகையும் பார்க்கும் மனநிலை அத்தோணிகளில் இருந்தோர்க்கு வாய்த்திருக்குமா என்று கேட்பதே கொடுமையான கேள்வியாகும். கடன் அட்டையும் கங்காணியின் கட்டளையுமே அவர்தம் பயணச் சீட்டுகள்.

1914இற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பற் சேவையும் ஆரம்பமாயிற்று. மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்ட தொழிலாளர் தலைமன்னாரிற் புகையிரதமேறி, மதவாச்சி, அனுராதபுரம் வழியாகப் பொல்காவலைக்கு வந்தனர். அங்கு கண்டிப் பாதைக்கு மாறியோர் முதலில் அடைந்த முக்கிய நிலையம் ரம்புக்கனை. சமவெளி முடிந்து மலையேற்றம் தொடங்கும் இடமும் அதுவே. வண்டியைத் தள்ளியேற்றுதற்குப் பின்னால் இன்னோர் எஞ்சின் பூட்டப்படும். கடற்பயணத்தின் அயர்ச்சியோடு வந்தவர்களுக்கு மலைநாடு என்பது இங்கிருந்தே கண்ணுக்குப் புலப்பட்டது.

1964ஆம் ஆண்டு இக்கடலின் வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. அவ்வாண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களின் கருத்தை எவரும் கேட்டதில்லை. டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திற்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடிய கப்பலிலேயே தாயகம் திரும்புவோர் எனப்பட்டவர்கள் ஏறினர். இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தோர்க்கு அது தாயகம் திரும்புதலா, தாயகம் நீங்குதலா என்பது அன்றே எழுந்த வினா. உள்நாட்டுக் கலவரங்களிடையே 1984இல் அச்சேவையும் நின்றது.

இதே காலத்திலேயே கடலடி நோக்கும் கலை பொழுதுபோக்காக மாறியது. 1943இற் பிரான்சிற் கூஸ்தோவும் காஞானும் அமைத்த காற்றுக்கலன் அதற்கு வழிவகுத்தது. ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கையிற் குடியேறியமைக்குக் கடல்மூழ்கும் ஆர்வமே முக்கிய காரணம். அவரும் மைக் வில்சனும் திருகோணமலையிற் சுவாமிமலையின் அடியில், போர்த்துக்கேயர் தகர்த்த கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் நீருள் கண்டனர். 1961இற் பெரிய இராவணன் கோட்டைப் பாறையருகே ஒளரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. தமிழர் தம் கோயிலின் சிதைவை வெளிநாட்டவரின் புகைப்படத்திற் காணநேர்ந்தது விந்தையே.

உல்லாசப் பயணத்துறை 1966இற் சட்டவடிவு பெற்ற பின், ஹிக்கடுவையின் கண்ணாடியடிப் படகுகள் பெயர்பெற்றன. அதே கரையில் முருகைக் கல்லை உடைத்துச் சுண்ணாம்பு சுட்டோரும் வாழ்ந்தனர். 1979இல் அப்பகுதி காப்பிடமாயிற்று. 2002இல் தேசிய பூங்கா. காப்பு வந்ததும் முதலிற் பிழைப்பிழந்தோர் கல்லுடைத்த வறியவரே. படகின் நங்கூரத்தாலும் பயணியின் காலாலும் நேர்ந்த சேதம் அத்துணை விரைவாகக் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. 1998இற் கடல்நீர் வெம்மையுற்றபோது முருகைகள் பெருமளவில் வெளிறி மாண்டன. அதற்குக் காவற்சட்டம் எதுவும் உதவவில்லை.

இன்று தெற்குக் கரையிற் பவளம் கண்டு திரும்பும் பயணிகள் பலர், 1975இல் அமைக்கப்பட்ட பின்னவலை யானைகள் காப்பகத்தைப் பார்க்க ரம்புக்கனையில் இறங்குகின்றனர். போரினால் அழிந்த மன்னார்ப் பாதை மீளமைக்கப்பட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. பாதையின் கடைசி நிலையத்தின் பெயர் இன்றும் தலைமன்னார் இறங்குதுறை.