நினைவில் நின்ற வசனமும் மறைந்த எழுத்தாளரும்: இந்தித் திரைப்பட உரையாடலின் வரலாறு (1931–1978)

ஆய்வுச் சுருக்கம்

இந்தித் திரைப்படங்களின் புகழ்பெற்ற வசனங்கள் பெரும்பாலும் அவற்றைப் பேசிய நடிகரின் பெயராலோ பாத்திரத்தின் பெயராலோ நினைக்கப்படுகின்றன. எழுதியவர் பெயர் அந்நினைவில் இடம்பெறுவது அரிது. இவ்வசனங்கள் நிலைபெற்றமைக்குப் பார்சி நாடக மேடையின் மரபு, திரைக்கதைக்குள்ளேயே அமைந்த நினைவூட்டும் கட்டமைப்பு, ஒலிப்பதிவுத் தட்டு ஆகிய மூன்றும் காரணமாயின என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வசனத்தைப் பரப்பிய அதே காரணிகள் அதன் ஆசிரியரையும் அவர் எழுதிய மொழியையும் பொது நினைவிலிருந்து விலக்கின என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இந்தித் திரைப்படம், வசனம், உருது, பார்சி நாடகம், சலீம்–ஜாவேத், வாய்மொழி நினைவு.

முன்னுரை

1975 ஆகஸ்டு 15 அன்று வெளியான ‘ஷோலே’ படத்தின் வசனங்களுள் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது, கொள்ளையன் கப்பர் சிங் தன் அடியாள் சாம்பாவை விளித்து, வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதாகும். ஆனால் படத்தில் அவ்வாறு ஒரு வசனம் இல்லை. ‘கித்னே ஆத்மி தே?’ என்னும் கேள்வி, தோற்றுத் திரும்பிய காலியாவிடமும் அவனுடன் வந்தவர்களிடமும் கேட்கப்படுகிறது. சாம்பாவைப் பெயர் சொல்லி அழைப்பது அதே காட்சியில் வேறோர் இடத்தில். அங்கே கேட்கப்படுவது தன் தலைக்கு அரசு வைத்துள்ள பரிசுத் தொகை எவ்வளவு என்பது. ஒன்றன் விளியும் மற்றொன்றன் வினாவும் மக்கள் நினைவில் இணைந்து, எவரும் எழுதாத மூன்றாவது வசனம் ஒன்று பிறந்துள்ளது.

இது வெறும் மறதி அன்று. பழமொழியும் நாட்டார் கதையும் அடையும் மாற்றத்தைத் திரை வசனமும் அடைகிறது என்பதற்கு இது சான்று. வாய்மொழி வழக்காக மாறும் எதுவும் தன் ஆசிரியரை இழக்கும். எனினும் திரை வசனம் ஊதியம் பெற்ற ஓர் எழுத்தாளர் குறிப்பிட்ட காலத்தில் எழுதிய ஆக்கம். எழுதப்பட்ட ஒன்று எவ்வாறு ஆசிரியரற்ற வழக்காக மாறியது என்பது வரலாற்றுக் கேள்வியாகிறது.

மேடையிலிருந்து திரைக்கு

இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. அர்தேஷிர் இரானி இயக்கிய அப்படம், ஜோசப் டேவிட் எழுதிய பார்சி நாடகத்தைத் தழுவியது. இத்தொடக்கம் தற்செயலானதன்று. பேச்சு தேவைப்பட்ட புதிய ஊடகத்துக்குப் பேச்சை எழுதத் தெரிந்தவர்களை அளிக்கக்கூடியதாகப் பார்சி நாடகக் குழுக்கள் இருந்தன. அம்மேடையின் முதன்மை மொழிகளுள் ஒன்று உருது. ‘யஹூதி கி லட்கி’ என்னும் நாடகத்தை எழுதிய ஆகா ஹஷ்ர் காஷ்மீரி அம்மேடையின் பெரும்புகழ் பெற்ற ஆசிரியர். அந்நாடகம் 1933-இல் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தாலும், ‘யஹூதி’ என்னும் பெயரில் 1958-இல் பிமல் ராயாலும் படமாக்கப்பட்டது.

மேடை அளித்த கொடை கதையளவில் நின்றுவிடவில்லை. ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் கடைசி வரிசை வரை எட்டவேண்டிய பேச்சுக்குத் தனி இலக்கணம் தேவைப்பட்டது. எதுகையும் இயைபும் கலந்த உரைநடை, முரண்தொடை, வினாவும் எதிர்வினாவும், கைத்தட்டலுக்கு இடம்விட்டு நிற்கும் இறுதித்தொடர் ஆகியவை அவ்விலக்கணத்தின் கூறுகள். மேடையிலிருந்து வந்த சோராப் மோடி, 1939-இல் இயக்கிய ‘புகார்’ படத்தில் இவ்விலக்கணத்தை அரசவைக் காட்சிக்கு உரியதாக்கினார். ஜஹாங்கீரின் நீதியைக் கூறும் அப்படத்தின் எழுத்தாளர் கமால் அம்ரோஹி.

நடிகரின் குரலும் இத்தொடர்ச்சியைக் காட்டுகிறது. ‘ஆலம் ஆரா’வில் நடித்த பிரித்விராஜ் கபூர், மோடியின் ‘சிக்கந்தர்’ (1941) படத்தில் அலெக்சாந்தராகவும், கே. ஆசிப்பின் ‘முகல்-இ-ஆசம்’ (1960) படத்தில் அக்பராகவும் பேசினார். மேடைப் பேச்சுமுறை முப்பது ஆண்டுகள் திரையில் செல்வாக்கு இழக்காமல் நீடித்ததற்கு அவர் குரல் ஒன்றே போதிய சான்று.

‘முகல்-இ-ஆசம்’: நால்வர் எழுதிய பேச்சு

‘முகல்-இ-ஆசம்’ படத்தின் வசனத்தை அமான், கமால் அம்ரோஹி, வஜாஹத் மிர்சா, எஹ்சான் ரிஸ்வி ஆகிய நால்வர் எழுதினர். பாரசீகத் தொடரமைப்பு செறிந்த உருதுவில் அமைந்த அப்பேச்சை முழுமையாகப் புரிந்துகொள்ளாத பார்வையாளரும் அதனை மனப்பாடம் செய்தனர் என்பது எண்ணத்தக்கது. பொருள் விளங்காத சொல்லைத் தொடரின் வடிவம் தாங்கிக்கொண்டது. அனார்கலியை நோக்கி அக்பர் கூறும் புகழ்பெற்ற வசனத்தின் கருத்து, சலீம் அவளைச் சாகவிடமாட்டான், தாம் அவளை வாழவிடமாட்டோம் என்பதாகும். வாழ்வும் சாவும் எதிரெதிரே நிற்கும் இம்முரண்தொடையே அதனை நினைவில் நிறுத்துகிறது.

நால்வருள் ஒருவரான வஜாஹத் மிர்சாவின் பணி, இம்மரபு அரசவை மொழியோடு முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. எஸ். அலி ரஸாவுடன் சேர்ந்து ‘மதர் இந்தியா’ (1957) படத்துக்கும், தனியே ‘கங்கா ஜமுனா’ (1961) படத்துக்கும் அவரே வசனம் எழுதினார். பின்னதில் திலீப் குமார் பேசியது அவதி வழக்கின் சாயல் கொண்ட நாட்டுப்புறப் பேச்சு. ஷோலேயின் கப்பர் சிங் பேசும் கரீபோலியும் அவதியும் கலந்த வழக்குக்குத் தூண்டுதலாக அமைந்ததும் அப்பேச்சே. அரசனின் மொழியையும் கொள்ளையனின் மொழிக்கு முன்மாதிரியானதையும் எழுதியவருள் ஒருவர் பொதுவாக இருந்தார் என்பது, இவ்விரு படங்களையும் மேற்கோள் காட்டும் பலரும் அறியாத செய்தி.

வசன ஆசிரியர் என்னும் தனிப்பணி

இந்தித் திரையுலகில் கதை, திரைக்கதை, வசனம் ஆகியவை தனித்தனிப் பணிகளாகப் பிரிந்திருந்தன. கதையை உருவாக்கியவர் வேறு மொழிக்காரராக இருக்கலாம். பாத்திரத்தின் வாயில் சொல்லை வைப்பவர் உருது அல்லது இந்தி எழுத்தாளராக இருப்பார். 1958-இல் வெளியான ‘மதுமதி’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கதை வங்காளத்தைச் சேர்ந்த ரித்விக் கட்டக்குடையது. வசனம் உருதுச் சிறுகதையாசிரியர் ராஜிந்தர் சிங் பேதியுடையது. அதற்காகப் பேதி 1959-இல் பிலிம்பேர் வசன விருது பெற்றார். பின்னர் 1965-இல் தம் உருதுப் புனைகதைக்குச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார்.

உருதுக் கவிஞர் அக்தர்-உல்-ஈமான் 1962-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். திரையுலகில் அவர் பாடலாசிரியராக அன்றி வசன ஆசிரியராகவே அறியப்பட்டார். ‘வக்த்’ (1965) படத்துக்கு அவர் எழுதிய வசனம், விருது பெற்றபோதும், மக்கள் வழக்கில் ராஜ் குமாரின் வசனமாகவே நிலைத்தது. கண்ணாடி வீட்டில் இருப்பவர் பிறர்மேல் கல்லெறியலாகாது என்னும் பொருள்படும் அவ்வசனம் முன்னரே வழங்கிய ஒரு பழமொழியை ஒட்டியது. பழமொழியிலிருந்து எடுக்கப்பட்டு, எழுத்தாளரால் காட்சிக்குள் பொருத்தப்பட்டு, நடிகரின் குரலால் மீண்டும் பழமொழியாகத் திரும்பிய சுழற்சி இதில் தெளிவாகிறது.

எழுத்தாளர் பெயர் மறைக்கப்படுவதை எதிர்த்த முயற்சியும் பதிவாகியுள்ளது. ‘சஞ்சீர்’ (1973) படத்தின் சுவரொட்டிகளில் தம் பெயர் இல்லாததைக் கண்ட சலீம் கானும் ஜாவேத் அக்தரும், ஆளமர்த்திப் பம்பாய் நகரச் சுவரொட்டிகளின்மேல் தம் பெயரை அச்சுத்தகடு வைத்து வண்ணத்தால் எழுதச் செய்தனர். படத்தை எழுதியவர், தாம் எழுதியதாகத் தெருவில் எழுதவேண்டியிருந்தது.

‘தீவார்’: படத்துக்குள்ளேயே பிறக்கும் நினைவு

சலீம்–ஜாவேத் எழுதி யஷ் சோப்ரா இயக்கிய ‘தீவார்’ (1975), வசனம் நினைவில் நிற்பதற்குரிய ஏற்பாட்டைத் திரைக்கதைக்குள்ளேயே செய்துவைத்த படம். காலணி துடைக்கும் சிறுவன் விஜய், எறியப்பட்ட காசை எடுக்க மறுத்துக் கையில் தருமாறு கேட்கிறான். பல ஆண்டுகளுக்குப் பின், வளர்ந்த விஜய், எறியப்படும் பணத்தைத் தான் இன்றும் எடுப்பதில்லை என்று அதே மனிதரிடம் கூறுகிறான். அவ்விடத்தில் பாத்திரம் தன் பழைய சொல்லையே மேற்கோள் காட்டுகிறது. பார்வையாளர் அரங்கைவிட்டு வெளியேறி மேற்கோள் காட்டுமுன், படமே அதனைச் செய்துகாட்டிவிடுகிறது. தந்தையைத் திருடன் என்று இகழ்ந்து சிறுவனின் கையில் பச்சை குத்தப்பட்ட சொற்களும் அவ்வாறே: உடம்பில் எழுதப்பட்டமையால் கதை முழுவதும் அவை அழிவதில்லை.

பாலத்தடியில் சகோதரர் இருவரும் சந்திக்கும் காட்சி இக்கட்டமைப்பின் உச்சம். மூத்தவன் தன் உடைமைகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறான். உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். இளையவனின் விடை நான்கே சொல்: ‘மேரே பாஸ் மா ஹை’. இதில் அரிய சொல் ஒன்றும் இல்லை; அணியும் இல்லை. முன்வந்த அடுக்கின் நீளமே பின்வந்த விடையின் குறுமைக்கு வலிமை தருகிறது. ஆகவே இவ்வசனத்தைத் தனியே எடுத்து ஆராய்பவருக்கு அதன் ஆற்றல் புலப்படாது. ஆற்றல் தொடரில் அன்று, இரு தொடர்களின் உறவில் உள்ளது. அவ்வுறவை அமைத்தது எழுத்து. சலீம்–ஜாவேத் இப்படத்துக்காகப் பிலிம்பேர் வசன விருது பெற்றனர். அதே ஆண்டு வெளியாகி இன்றும் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் அவர்களின் ‘ஷோலே’வுக்கு அவ்விருது கிட்டவில்லை.

‘ஷோலே’: தட்டில் ஒலித்த பேச்சு

‘ஷோலே’வின் உரையாடலிலும் பழைய மேடை இலக்கணம் தொடர்கிறது. அஞ்சியவன் செத்தவனே என்னும் கருத்துடைய கப்பரின் வசனத்தில் ‘டர்’, ‘மர்’ என்னும் சொற்கள் தமிழ் யாப்பு மரபு எதுகை எனக் கூறும் முறையில் ஒத்திசைக்கின்றன. குழந்தை அழுதால் ஐம்பது கோசு தொலைவிலுள்ள ஊரிலும் தாய் தன் பெயரைச் சொல்லியே உறங்கவைக்கிறாள் என்று கப்பர் பெருமை பேசும் இடமும் கருதத்தக்கது. தன் பெயர் வழக்காகிவிட்டது என்று பாத்திரமே அறிவிக்கிறது. படம் வெளியான பின் அது உண்மையாயிற்று.

கப்பராக நடித்த அம்ஜத் கானின் குரல் பாத்திரத்துக்குப் போதாது என்னும் ஐயம் தயாரிப்புக் காலத்தில் எழுந்தது. வெளியான பின், அக்குரலே விற்பனைப் பொருளாயிற்று. பாலிடார் நிறுவனம் ‘ஷோலே’வின் பாடல்களுடன் வசனங்களையும் இசைத்தட்டாக வெளியிட்டது, அது பெரும் விற்பனை கண்டது. கப்பர் வேடத்தில் அம்ஜத் கான் பிரிட்டானியா பிஸ்கட் விளம்பரத்திலும் தோன்றினார். திரையரங்கில் ஒருமுறை கேட்ட பேச்சு, காட்சியின் துணையின்றி மீண்டும் மீண்டும் கேட்கப்படும் பொருளாக மாறியது இவ்வாறே. தட்டில் கேட்டவர் மனத்தில் பதிந்தது குரலும் தொனியும் இடைநிறுத்தமும் ஆகும். எழுதியவரைக் கேட்கமுடியாது, பேசியவரையே கேட்கமுடியும். வசனம் நடிகருக்கு உரியதாகத் தோன்றியதற்கு இவ்வூடகம் வலுவான காரணம்.

இதே காலத்தில் காதர் கானின் வருகையால் வேறொரு பேச்சுமொழியும் வலுப்பெற்றது. பம்பாயில் கட்டடப் பொறியியல் விரிவுரையாளராக இருந்த அவர், ‘ரோட்டி’ (1974), ‘அமர் அக்பர் ஆன்டனி’ (1977), ‘முகத்தர் கா சிக்கந்தர்’ (1978) ஆகிய படங்களுக்கு வசனம் எழுதினார். ஆன்டனி பாத்திரம் பேசும் பம்பாய்த் தெருமொழி, அரசவை உருதுவுக்கு நேர் எதிரானது போலத் தோன்றினும், அடுக்கும் எதிர்ப்பேச்சும் அதிலும் உள்ளன.

மொழியின் பெயரும் குரலின் எல்லையும்

இவ்வசனங்கள் ‘இந்தி வசனம்’ என்றே வழங்கப்படுகின்றன. ஆயின் ஜாவேத் அக்தர் தம் வசனங்களை உருது எழுத்தில் எழுத, அவை பின்னர்த் தேவநாகரியில் பெயர்த்தெழுதப்பட்டன. பேசும்போது எழுத்துரு கேட்பதில்லை. காதுக்கு ஒன்றாகவும் தாளில் இரண்டாகவும் உள்ள மொழியில், தாள் மறைந்தபோது உருதுவின் பெயரும் உடன் மறைந்தது.

வசனத்தின் பயண எல்லையைத் தமிழ்ச் சூழல் இரு வகையில் காட்டுகிறது. ‘முகல்-இ-ஆசம்’ 1961-இல் ‘அக்பர்’ என்னும் பெயரில் தமிழில் வெளியாகி, வணிக வெற்றி பெறாமற் போயிற்று. ‘தீவார்’ 1981-இல் ரஜினிகாந்த் நடிப்பில் ‘தீ’ என்று மறுவாக்கம் பெற்றது. இவற்றுக்கு மாறாக, 2009 பிப்ரவரி 22 அன்று ஆஸ்கர் மேடையில் ஏ. ஆர். ரகுமான், தம் தாய் அரங்கில் இருப்பதைக் குறிப்பிட, ‘மேரே பாஸ் மா ஹை’ என்னும் தொடரை மொழிபெயர்க்காமல் இந்தியிலேயே சொல்லிப் பொருளும் கூறினார். இந்தித் திரைப்பட வசனம் என்ற அளவிலேயே அது அங்கே சுட்டப்பட்டது. படத்தின் பெயரோ, நடிகரின் பெயரோ, எழுதியவரின் பெயரோ தேவைப்படவில்லை. வசனம் முழுமையாக வழக்காகிவிட்ட நிலை அது.

முடிவுரை

வசனம் வழக்காவது அதன் வெற்றி. ஆனால் வழக்கின் நினைவை மட்டும் நம்பி எழுதப்படும் திரைப்பட வரலாறு, சாம்பாவிடம் கேட்கப்படாத கேள்வியைக் கேட்கப்பட்டதாகப் பதிவுசெய்யும். வஜாஹத் மிர்சாவையும் அக்தர்-உல்-ஈமானையும் விட்டுவிடும். உருது மேடையின் நூற்றாண்டுப் பயிற்சியை ஒரு நடிகரின் தனித்திறனாகக் கொள்ளும். ஆகவே வசனத்தை ஆராய்வோர் படத்தின் ஒலியை மூலபாடமாகவும், மக்கள் வழக்கைப் பாடவேறுபாடாகவும் கொள்ளுதல் முறையாகும். சுவடிப் பதிப்பில் தமிழறிஞர் கைக்கொண்ட ஒழுக்கம் இங்கும் பொருந்தும். பாடவேறுபாடு தள்ளத்தக்கதன்று, மக்கள் எதனைத் தமக்குரியதாக்கிக்கொண்டனர் என்பதற்கு அதுவே ஆவணம். ஆயினும் அதனருகே மூலபாடமும் அதனை எழுதியவர் பெயரும் இடம்பெறும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.