பேராக் மாநிலத்தில் உயர்கல்விக்கான அரசு நிதியுதவி

பேராக் மாநில மாணவர்கள் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ படிப்பதற்கு மலேசியக் கூட்டரசும் மாநில அரசும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளும் தரும் உபகாரச் சம்பளம், கல்விக் கடன், மாதப் படி, ஒருமுறை உதவித்தொகை ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். இவற்றின் வரலாறு ஈப்போவின் ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து பார்த்தால் ஒரு விதமாகவும், சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், பாகான் செராய் வட்டாரத் தோட்ட லயங்களிலிருந்து பார்த்தால் வேறு விதமாகவும் தெரியும். நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள், மொத்தம் 134, உள்ள மாநிலம் பேராக். அவற்றில் மிகப் பல ரப்பர் தோட்டங்களில் தோன்றியவை. அதனால் இக்கட்டுரை தோட்டப்புறப் பிள்ளையின் பக்கம் நின்றே பேசுகிறது.

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிட வேண்டும். மலேசிய அரசியலமைப்பின் 9ஆம் அட்டவணைப்படி கல்வி கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் அதிகாரம். பல்கலைக்கழக இடமும் பெரிய உபகாரச் சம்பளங்களும் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் முடிவாகின்றன. மாநில அரசின் கையில் சிறு தொகைகள் உண்டு, அவற்றோடு நிலமும் உண்டு. பேராக்கில் கல்வி உதவியைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப நிலத்தில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

காலனிக் காலம்

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. ஏறக்குறைய அதே காலத்தில், 1885இல், நீரிணைக் குடியேற்றங்களில் குயின்ஸ் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தப்பட்டது. ஆண்டுக்கு ஓரிருவரே அதில் இங்கிலாந்து போக முடிந்தது. அவர்களும் ஆங்கிலப் பள்ளியில் தேறியவர்கள். பேராக்கில் அரசு தாங்கிய மேற்கல்வி என்றால் 1905இல் கோலகங்சாரில் திறந்த மலாய்க் கல்லூரி முக்கியமானது. மலாய் உயர்குடிப் பிள்ளைகளை நிர்வாகப் பணிக்குத் தயாரிப்பது அதன் வேலை. ஈப்போவில் 1895இல் மெதடிஸ்டு மிஷனின் ஆங்கிலோ சைனீஸ் பள்ளியும் 1909இல் ஆண்டர்சன் பள்ளியும் வந்தன. நகரத்துக் குமாஸ்தா வீட்டுப் பிள்ளை அவற்றின் வழியாக மேலே போக முடிந்தது.

தோட்டத்தில் கதை வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் அந்த வாத்தியார். தமிழில் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுத்தந்த அந்தப் பள்ளிக்கு மேலே ஏறும் படி எதுவும் கட்டப்படவில்லை. பால்மரம் வெட்ட அடுத்த தலைமுறை தேவைப்பட்ட முதலாளிக்கு அதைக் கட்டும் அவசியம் இல்லை. 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தபோதும், உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும் இடம்வரை வந்து சேரவே தோட்டப் பிள்ளைக்கு வழி இல்லாதிருந்தது. உதவித் திட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்தக் காலத்தை விட்டுவிடுகிறார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு திட்டமும் ஏன் காலம் கடந்து வந்ததாகத் தோட்டப்புறத்துக்குப் பட்டது என்பது இதைச் சொல்லாமல் புரியாது.

தொழிலாளர் போட்ட பணம்

அரசின் கை எட்டாத இடத்தில் தொழிலாளர்கள் தாங்களே பணம் திரட்டினார்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' இயக்கத்துக்குத் தோட்டத் தொழிலாளரும் பணம் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலைத் தாங்கள் மிதிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் கொடுத்த பணம் அது.

அடுத்த முயற்சி சுங்கை சிப்புட் மண்ணிலிருந்து வந்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் அங்கே பிறந்தவர். தந்தை ரப்பர்த் தோட்ட உரிமையாளர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். அப்பள்ளியை எழுப்பியவர் சம்பந்தன். 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலை. அதைத் தடுக்க 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. 1973இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சித் தலைமையிலிருந்து விலகிய பின் 1979இல் இறக்கும்வரை அவர் இச்சங்கத்துக்கே உழைத்தார். அப்போது உறுப்பினர்கள் ஏறத்தாழ 85,000 பேர். உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவியையும் சங்கம் தன் பணிகளில் சேர்த்துக்கொண்டது. மழை பெய்தால் வேலையும் கூலியும் இல்லாத நாள்களுக்கு நடுவே மாதம் பத்து வெள்ளி ஒதுக்கியவர்களின் நிலத்திலிருந்து வந்த பணம் அது. இதை அரசு உதவி என்று சொல்ல முடியாது. ஆனாலும் பின்னால் பேராக் அரசு நிலம் கொடுத்துக் கல்வியை ஆதரிக்க முற்பட்டபோது, அந்த யோசனைக்கு முன்னோடி இதுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1966 முதல் 1997 வரை

விடுதலைக்குப் பின் உதவி அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1966இல் பூமிபுத்ராக்களுக்காக மாராவும், எல்லா இனத்தவருக்குமாகத் துங்கு அப்துல் ரஹ்மான் அறவாரியமும் நிறுவப்பட்டன. பொதுச்சேவைத் துறையான ஜே.பி.ஏ. வழங்கும் உபகாரச் சம்பளங்கள் பெரும் கௌரவமாகக் கருதப்பட்டன. மாநில அளவில் யாயாசான் பேராக் கல்விக் கடனும் உதவித்தொகையும் வழங்கி வருகிறது. அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு உபகாரச் சம்பளங்களில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் சுதேசிகளுக்கும் ஒதுக்கீடு செய்ய இடம் தருகிறது. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தபின் அது முழுவீச்சில் செயல்பட்டது. மலாய்க் கிராமங்களின் வறுமையை அக்கொள்கை குறைத்தது. தோட்டத்து வறுமைக்கு அப்படி ஒரு தனித்திட்டம் இல்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதால் ஊரக மேம்பாட்டுக் கணக்கிலும் அது சேரவில்லை.

அந்தக் காலத்தில் தோட்டப் பிள்ளைக்கு உண்மையில் திறந்திருந்த கதவு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. பயிற்சிக் காலத்திலேயே மாதப் படி கிடைக்கும், முடித்தால் வேலை உறுதி. கடன் இல்லை, பிணையாள் தேடி அலைய வேண்டியதும் பெரிதாக இல்லை. பேராக் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்கள் பலர் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள். 1969இல் ஈப்போவில் யுனெஸ்கோ ஒத்துழைப்போடு தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக், நாட்டின் முதல் பாலிடெக்னிக், இன்னொரு வழியைத் திறந்தது.

1984இல் ம.இ.கா.வின் கல்விக்கரமாக எம்.ஐ.இ.டி. தொடங்கப்பட்டது. அப்போதைய கட்சித் தலைவர் சாமிவேலு 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். எம்.ஐ.இ.டி. பெரும்பாலும் கடனாகவே கொடுத்தது. 2001இல் கெடாவில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் நிறுவியது.

கடன் யுகம்

1997இல் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், மக்கள் வாயில் பி.டி.பி.டி.என்., செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தனியார் உயர்கல்விச் சட்டம் நிறைவேறி, தனியார் கல்லூரிகள் பெருகின. பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத இந்திய மாணவர்களுக்கு அக்கல்லூரிகளே புகலிடம். கட்டணத்துக்கு இக்கடனே வழி. தொடக்கத்தில் ஆண்டுக்கு 4 விழுக்காடாக இருந்த நிர்வாகக் கட்டணம் பின்னர் 3 ஆகி, 2008க்குப் பின் உஜ்ரா என்னும் இஸ்லாமியச் சேவைக்கட்டண முறையில் 1 விழுக்காடாகக் குறைந்தது. முதல்நிலைத் தேர்ச்சி பெற்றால் கடன் தள்ளுபடியாகும் சலுகையும் உண்டு. அதன் நிபந்தனைகள் அவ்வப்போது மாறின.

எண்ணிக்கையில் பார்த்தால் இக்கடனைப்போல் தோட்டப்புறத்துக்கு உதவிய திட்டம் வேறில்லை. ஆனால் ஒரு சிலருக்குக் கொடையாக இருந்த உதவி, பலருக்குக் கடனாக மாறியதும் இதோடுதான். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய பாட்டன் காலத்திலிருந்தே கடன் என்ற பேச்சுக்கு அஞ்சிய குடும்பங்கள், பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் பத்திரம் எழுதின. தவணை கட்டாதவர்கள் வெளிநாடு செல்ல முடியாதபடி குடிநுழைவுத் துறை தடுக்கும் நடைமுறை 2018இல் கைவிடப்படும்வரை நீடித்தது.

பணத்தைவிடக் காகிதம் கடினமாக இருந்தது. விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழ், நீல அடையாள அட்டை, பெற்றோரின் சம்பளச் சீட்டு, பிணையாள் விவரம் கேட்பார்கள். தோட்டம் இருந்தவரை மாதச் சம்பளச் சீட்டில் வந்த நாள்கள், பாலின் எடை, பிடித்தம் எல்லாம் அச்சாகியிருக்கும்; அதைக் காட்டினால் போதும். தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ மாறி, குடும்பம் ஈப்போ ஓரத்து மலிவு வீட்டுக்கு வந்து, அப்பா காவலாளியாகவும் அம்மா துப்புரவுப் பணியாளராகவும் குத்தகைக்காரரிடம் கையில் சம்பளம் வாங்கத் தொடங்கியபின் சீட்டு ஏது? சத்தியப் பிரமாணம் எழுதி, வருமானத்தை ஒருவர் உறுதிப்படுத்தி, பிரதி ஒவ்வொன்றிலும் முத்திரை வாங்க வேண்டும். பிறப்பைப் பதியாமல் விட்டதாலோ, பெற்றோர் திருமணத்தைப் பதியாததாலோ, அடையாள அட்டையே இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்தத் திட்டமும் இல்லை. இவர்களுக்காக 2011இல் 'மைடஃப்தார்' பதிவு இயக்கம் நடத்தப்பட்டது.

பேசப்படாத இன்னொரு மூலமும் உண்டு: 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி. பிள்ளையின் உயர்கல்விக்காக அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். பால்மரம் வெட்டியவரின் முதுமைக் காலப் பணம் இப்படி எத்தனையோ கல்லூரிகளின் முதல் பருவக் கட்டணமாகப் போயிருக்கிறது.

2007க்குப் பின்

2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராஃப் நடத்திய பேரணி, கல்வியும் வேலையும் மறுக்கப்பட்ட இந்தியரின் கோபத்தை வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பேராக் ஆட்சி மாறியது. சுங்கை சிப்புட்டில் சாமிவேலு தோற்று, மருத்துவர் ஜெயகுமார் தேவராஜ் வென்றார். மந்திரி புசார் (மாநில முதலமைச்சர்) நிசார் ஜமாலுடின் அரசு, மாநிலத்தின் ஒன்பது சீனத் தனியார் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 1,000 ஹெக்டர் நிலம் ஒதுக்கியது. 2009 பிப்ரவரியில் ஆட்சி மீண்டும் கைமாறி, ஸம்ரி அப்துல் காடிர் மந்திரி புசாரானார். அவருடைய ஆட்சியில் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இந்திய மாணவர் கல்விக்குமாக 2,000 ஏக்கர் நிலம் கிடைத்தது. செம்பனை பயிரிட்டு வருமானத்தைக் கல்விக்குத் திருப்புவது திட்டம். ஒருமுறை எழுதித்தரும் காசோலையைவிட இது உயர்ந்த ஏற்பாடு. ஆட்சி மாறினாலும் மரம் காய்க்கும். ஆனால் நிலத்தை யார் நிர்வகிப்பது, வருமானம் எவ்வளவு, யாருக்குப் போகிறது என்ற கேள்விகள் தொடர்ந்து எழுந்தன. ஒவ்வோர் ஆண்டுக் கணக்கையும் பொதுமக்கள் முன் வைப்பதே அதற்குரிய பதில்.

கூட்டரசுப் பக்கத்தில், 2012இல் பிரதமர் நஜிப் இந்திய மாணவர்க்கான மெட்ரிகுலேஷன் இடங்களை ஏறத்தாழ 1,500ஆக உயர்த்தினார். 2017இல் அது 2,200 என்று அறிவிக்கப்பட்டது. பேராக்கின் மெட்ரிகுலேஷன் கல்லூரி ஈப்போவுக்குத் தெற்கே கோப்பேங்கில் உள்ளது. அங்கே மாதப் படியோடு ஓராண்டு படித்துப் பல்கலைக்கழகம் போகலாம் என்பதால், ஏழைக் குடும்பத்துக்கு அந்த இடமே பெரிய நிதியுதவி. 2019இல் மொத்த இடங்கள் 25,000லிருந்து 40,000ஆகக் கூட்டப்பட்டன. பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்க்கு 10 விழுக்காடு என்ற ஒதுக்கீடு நீடித்தது. 2018இல் உருவான, இந்தியச் சமூக உருமாற்றத்துக்கான அரசுப் பிரிவு மித்ரா, தாழ்ந்த வருமான இந்தியக் குடும்பத்து உயர்கல்வி மாணவர்களுக்கு உதவித்தொகை தந்திருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த ஏழை மாணவர்கள் பி.டி.பி.டி.என்.னிடம் 1,500 ரிங்கிட் வரை முன்பணம் பெறலாம். பதிவு நாளன்று கட்ட வேண்டிய தொகைக்காக அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதை இந்தச் சிறு தொகை பல வீடுகளில் தடுத்திருக்கிறது.

2024 ஜூன் மாதம், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ பெறும் மாணவர் எவருக்கும் இனவேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். பத்துப் பாடம் எடுக்கவே ஆசிரியரும் டியூஷனும் இல்லாத சிற்றூர்ப் பள்ளிகளில் ஐந்தாறு ஏ வாங்கும் மாணவர்கள் ஆறாம் படிவத்துக்கே போகிறார்கள். அங்கே மெட்ரிகுலேஷன் மாணவருக்குள்ள மாதப் படி இல்லை. பள்ளி தொடங்கும்போது தரப்படும் 150 ரிங்கிட் உதவி 2025 முதல் அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.