கெட்டதும் கெடுத்ததும்

புதுக்கோட்டை வட்டாரத்துத் தானக் கல்வெட்டுகளின் முடிவில் அடிக்கடி எதிர்ப்படும் சொல் 'அகிதம்'. தர்மத்துக்கு அகிதம் செய்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்கிற சாபம். அது காத்தது கோயில் சொத்தையும் தானங்களையும்தான். ஆனாலும் அங்கே தீங்குக்கு ஓர் எழுவாய் இருந்தது: செய்பவன்.

தமிழ் வினைகள் பலவும் இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். கெட்டது, கெடுத்தது; அழிந்தது, அழித்தது; கலங்கியது, கலக்கியது. 'கலந்தது' அப்படியல்ல. பாலில் தண்ணீர் தானே கலந்தாலும் 'கலந்தது'. ஒருவன் ஊற்றினாலும் 'கலந்தான்'. வினை ஒன்றுதான்.

2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயல் தலித் குடியிருப்பின் 10,000 லிட்டர் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது தெரிய வந்தது. உடனே நாமெல்லாம் எழுதினோம்: 'மலம் கலந்த தண்ணீர்', 'கலக்கப்பட்ட சம்பவம்'. கலந்தவனுக்கு வாக்கியத்தில் இடமில்லை. இரண்டாண்டு கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி குற்றப்பத்திரிகை அந்தக் காலியிடத்தை நிரப்பியது: அந்தத் தண்ணீரைக் குடித்த குடியிருப்பிலேயே மூன்று பேர். குடியிருப்பு மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள்.

எழுவாயை நாம் காலியாக விட்டால் அதிகாரம் தன் விருப்பப்படி நிரப்பும்.

அரசு ஏடுகளின் 'நலிந்த பிரிவினர்' என்பதும் இதே இலக்கணம்தான். பழந்தமிழில் 'நலிதல்' வருந்துவது மட்டுமல்ல, வருத்துவதும்கூட. இரண்டாவது பொருள் வழக்கிலிருந்து நழுவிவிட்டது. செய்தவனும் கூடவே நழுவிவிட்டான். சரி, நலிஞ்சவங்க இவங்கன்னா, நலிய வச்சவங்க யாரு?